பட்டியலும் வேண்டும், பதிவேடும் வேண்டும்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

ஆஸ்பத்திரி என்றவுடன் நாம் வழக்கமாகப் பேசுவது மூன்று விஷயங்கள். டாக்டர் இல்லை, மருந்து இல்லை, படுக்கை இல்லை. இந்த மூன்றுக்காகவும் நாம் மகஜர் கொடுத்திருக்கிறோம், ஊர்வலம் போயிருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம். இனியும் செய்வோம்.

ஆனால் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, படுக்கையும் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் நோயாளி இறந்துபோகிறார். ஏன்? யாரோ ஒருவர் கை கழுவ மறந்ததால். போட்ட ஊசியை எந்த மணிக்குப் போட்டோம் என்று எழுதி வைக்காததால். பகல் ஷிப்டு நர்சுக்குத் தெரிந்தது ராத்திரி ஷிப்டு நர்சுக்குத் தெரியாமல் போனதால். இப்படியும் உயிர்கள் போகின்றன. பணக்கார நாடுகளிலும் போகின்றன, நம் நாட்டிலும் போகின்றன. இதைத் தடுக்கக் கோடிக்கணக்கில் விலை பெறும் யந்திரம் தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இதில் எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் உதவாமல் போகும் என்பதை இன்று பார்ப்போம்.

"இது டாக்டர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. அந்தக் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது, அதைக் காட்டிக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, யாருடைய சாவு கணக்கில் ஏறுகிறது, யாருடைய சாவு ஏறாமல் போகிறது என்பதெல்லாம் நம்முடைய பிரச்னையே.

கைதேர்ந்தவரும் மறப்பார்

வேலையில் ஒரு படி விட்டுப்போவது சோம்பேறித்தனத்தால் மட்டும் நேர்வதல்ல. 1935ம் வருடம் அக்டோபர் 30ந் தேதி அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தின் டேட்டன் நகரத்தருகே ஒரு ராணுவ விமானதளத்தில் போயிங் கம்பெனியின் புதிய குண்டுவீச்சு விமானத்தைப் பரீட்சை பார்த்தார்கள். நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானம். ஓட்டியவர் அனுபவத்தில் குறைந்தவரல்ல. விமானம் மேலே ஏறியது, சற்று நேரத்தில் கீழே விழுந்து தீப்பற்றியது. இருவர் மாண்டனர். விசாரித்துப் பார்த்ததில் எஞ்சினில் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருப்பதற்காகப் போடும் பூட்டைக் கிளம்புமுன் எடுக்க மறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு விமானிகள் "இனி ஜாக்கிரதையாக இருப்போம்" என்று ஒருவருக்கொருவர் உபதேசம் செய்துகொள்ளவில்லை. கிளம்புமுன் பார்க்க வேண்டியவை, பறக்கும்போது பார்க்க வேண்டியவை, இறங்குமுன் பார்க்க வேண்டியவை, இறங்கிய பின் பார்க்க வேண்டியவை என்று சிறு பட்டியல் எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அதே ரக விமானம் பின்னால் இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷிப்டு மாறும்போது போகிறவர் வருகிறவரிடம், "இந்தப் பக்கம் நூல் அதிகம் அறுகிறது, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். சொல்லாமல் போனால் நஷ்டம் நூலோடு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் போனால் நஷ்டம் உயிர்.

வியன்னா ஆஸ்பத்திரியின் கணக்கு

பதிவேட்டின் பலத்தைப் புரிந்துகொள்ள நாம் 1840களின் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பெரிய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதில் இரண்டு பிரசவ வார்டுகள். அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஏழைப் பெண்கள். வீட்டில் டாக்டரை வரவழைத்துப் பிரசவம் பார்த்துக்கொள்ள வசதியுள்ள சீமாட்டிகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

முதல் வார்டில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்த டாக்டர்களிடம் போனால் பிழைப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்போம்? அங்கே நடந்தது நேர்மாறு. பிரசவ ஜுரம் வந்து முதல் வார்டில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். இது ஊருக்கே தெரிந்திருந்தது. "எங்களை முதல் வார்டில் சேர்க்காதீர்கள்" என்று அந்தப் பெண்கள் அழுது கெஞ்சினார்கள். அவர்கள் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். 1846ம் வருடக் கணக்கு இது: முதல் வார்டில் 4,010 பிரசவம், 459 தாய்மார்கள் சாவு. இரண்டாவது வார்டில் 3,754 பிரசவம், 105 சாவு. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊர், ஒரே வகைப் பெண்கள். ஒன்றில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல், மற்றொன்றில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. காரணத்தைத் தேடினார். வைத்திய மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலையே இல்லை.

1847 மே மாதத்தில் அவர் ஒரே ஒரு விதி போட்டார். வார்டுக்குள் நுழைகிற எவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டே தாயைத் தொட வேண்டும். 1848ம் வருடக் கணக்கைக் கேளுங்கள். முதல் வார்டில் 3,556 பிரசவம், 45 சாவு. முந்தி 459, இப்போது 45!

நோய்க் கிருமியைப் பற்றிய விஞ்ஞானம் அன்று உறுதிப்பட்டிருக்கவில்லை. பதிவேடு முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டது. ஆனால் "டாக்டரின் கையே சாவைக் கொண்டுவருகிறது" என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். செம்மல்வைஸின் உத்தியோகம் 1849ல் முடிந்தது. 1865ல் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, மேலிடத்துக் கௌரவம் அதற்குக் குறுக்கே நிற்கும் என்பது வியன்னா தரும் இரண்டாவது பாடம்.

நர்சுக்கு ஓர் அதிகாரம்

அதே கௌரவத்தை நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகும் பார்க்கிறோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே தீவிர சிகிச்சை வார்டில் அபாய நிலையிலுள்ள நோயாளிகளுக்கு, இருதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்த நாளத்தில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி மருந்து ஏற்றுவார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி புகுந்தால் நோயாளி பிழைப்பது கஷ்டம்.

2001ல் அங்கே பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர் ஐந்து வரி எழுதினார். சோப்புப் போட்டுக் கை கழுவு. நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடை. உடல் முழுவதும் சுத்தமான துணி போர்த்து. முகமூடி, தொப்பி, அங்கி, கையுறை அணிந்துகொள். குழாய் செருகிய இடத்தில் சுத்தமான கட்டுப் போடு. இதில் ஒன்றுகூட எந்த டாக்டருக்கும் புதிதல்ல. ஒரு மாத காலம் நர்சுகளைக் கவனித்துக் குறிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளின் விஷயத்தில் ஏதாவது ஒரு படியையாவது டாக்டர்கள் விட்டிருந்தார்கள்!

அடுத்து நிர்வாகத்தின் சம்மதத்தோடு நர்சுகளுக்கு ஓர் அதிகாரம் கொடுக்கப்பட்டது. டாக்டர் ஒரு படியை விட்டால் "நிறுத்துங்கள்" என்று நர்ஸ் சொல்லலாம். டாக்டர் நிறுத்தியே ஆக வேண்டும். விஷயத்தின் உயிர்நாடி இதுதான். ஐந்து வரிகள் பழையவை. அந்த அதிகாரம் புதியது. குழாய் போட்டுப் பத்து நாளில் கிருமி தொற்றுவது நூற்றுக்குப் பதினொன்றாக இருந்தது பூஜ்யத்துக்கு இறங்கியது.

பின்னர் மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சை வார்டுகளில் இதே முறையைக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் ஒரு விஷயம் வெளியாயிற்று. பட்டியலில் எழுதியிருக்கும் கிருமிநாசினி மூன்றில் ஒரு பங்கு வார்டுகளில்கூட இருப்பில் இல்லை! "தோலைத் துடை" என்று காகிதம் சொல்கிறது, துடைக்க மருந்து இல்லை. நிர்வாகிகளைப் பிடித்து உலுக்கி மருந்தை வரவழைத்தார்கள். பலன் என்ன? குழாய் போட்டிருக்கும் ஆயிரம் நாளைக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4 ஆகக் குறைந்தது. இந்த முடிவு 2006ல் வெளியாயிற்று.

எட்டு நகரங்களில்

அடுத்து உலக சுகாதார ஸ்தாபனம் ஆபரேஷன் அறைக்கு ஒரு பட்டியல் தயாரித்து 2008ல் வெளியிட்டது. பத்தொன்பது அம்சங்கள், மூன்று நிறுத்தங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன் ஒரு நிறுத்தம், கத்தி வைக்குமுன் ஒரு நிறுத்தம், நோயாளியை அறையைவிட்டு வெளியே கொண்டுபோகுமுன் ஒரு நிறுத்தம். இவர்தான் அந்த நோயாளியா? இந்தப் பக்கத்துக் காலா, அந்தப் பக்கத்துக் காலா? மருந்து ஒவ்வாமை உண்டா? உள்ளே வைத்த பஞ்சும் கருவியும் எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியா? எல்லாம் இப்படிச் சாதாரணக் கேள்விகள். அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் ஓர் அம்சம். சின்ன விஷயமாகத் தோன்றும். பெயர் சொல்லி வாய் திறந்தவர் பிறகு தப்பைக் கண்டாலும் வாய் திறப்பார் என்பது அதன் நோக்கம்.

டில்லி, மணிலா, அம்மான், தான்சானியாவின் இபகாரா, லண்டன், ஸியாட்டில், டொராண்டோ, ஆக்லண்ட் ஆகிய எட்டு நகரங்களில் இதைச் சோதித்தார்கள். 2009ல் முடிவு வந்தது. பட்டியலுக்கு முன் நூற்றுக்கு 1.5 பேர் இறந்தார்கள், பின்னர் 0.8 பேர். கடும் சிக்கல்கள் நூற்றுக்கு 11லிருந்து 7க்கு இறங்கின. ஏழை நாடு, பணக்கார நாடு இரண்டும் இந்தச் சோதனையில் இருந்தன.

பட்டியல் தோற்ற இடங்கள்

இத்துடன் நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். பட்டியல் பலன் தராத இடங்களும் உண்டு. அவற்றை மறைக்காமல் பார்க்க வேண்டும். நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆபரேஷன் பட்டியலை உபயோகித்த விவரத்தை ஆஸ்பத்திரிகள் வெளியிட வேண்டும் என்று சர்க்கார் விதித்தது. கிட்டத்தட்ட எல்லா ஆபரேஷன்களிலும் பட்டியலை உபயோகிப்பதாக ஆஸ்பத்திரிகள் எழுதிக் கொடுத்தன. 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2014ல் வெளியாயிற்று. சாவு விகிதம் முன்பு 0.71, பின்பு 0.65. சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. மேலிருந்து உத்தரவு வந்தால் கீழே பேனா டிக் போடும். டிக் போட்டதாலேயே வேலை நடந்ததாகிவிடாது. மஸ்டர் ரோலில் பெயர் இருந்தும் கூலி கைக்கு வராத கதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை!

இரண்டாவது உதாரணம் நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்தில். பிரசவத்துக்கான பட்டியலை அங்கே 24 ஜில்லாக்களில் சோதித்தார்கள். 120 சுகாதார நிலையங்கள், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மார்கள். பாதி நிலையங்களுக்குப் பட்டியலும், கூட இருந்து பழக்கிக்கொடுக்கப் பயிற்றுநர்களும் வந்தார்கள். வேலை முறை நிச்சயமாகத் திருந்தியது. செய்ய வேண்டிய காரியங்களில் பழைய முறை நிலையங்களில் நூற்றுக்கு 42 நடந்தபோது, பட்டியல் வந்த நிலையங்களில் 73 நடந்தது. ஆனால் பயிற்றுநர்கள் போனபின் அந்த 73 மறுபடி 62க்கு இறங்கியது. தாய் சேய் சாவும் கடும் சிக்கலும் இரு பக்கமும் நூற்றுக்கு 15 என்ற அளவிலேயே நின்றன. 2017ல் வெளியான முடிவு இது.

ஏன் இப்படி? அந்தத் திட்டம் பட்டியலைக் கொண்டுவந்தது, பயிற்றுநரைக் கொண்டுவந்தது. கூடுதல் நர்சைக் கொண்டுவரவில்லை, மருந்தைக் கொண்டுவரவில்லை. ரத்தம் நிற்காத தாயை உடனே அனுப்பிவைக்க, ரத்தமும் ஆபரேஷன் வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. "ஆபத்து என்றால் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்று காகிதம் சொல்லும். பாதையையும் வண்டியையும் அது போட்டுத் தராது.

ஆகவே தோழர்களே, அனுபவம் காட்டுவது இதுதான். பட்டியலுக்குப் பின்னால் மூன்று இருக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் பொருள் இருப்பில் இருக்க வேண்டும். செய்வதற்குப் போதிய ஆள் இருக்க வேண்டும். தப்பு நடந்தால் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் காகிதம் உயிரைக் காக்கும். இல்லாவிட்டால் அது சுவரில் தொங்கும்.

கணக்கில் வராத சாவு

அடுத்து பதிவேடு. விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும்.

வரப்பில் நடக்கிறவர், நாற்றுப் பறிக்கிறவர், வைக்கோற்போர் பிரிக்கிறவர் ஆகியோரைத்தான் பாம்பு கடிக்கிறது. இந்தியாவில் வருடத்துக்கு எத்தனை பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள்? ஆஸ்பத்திரிக் கணக்கு சுமார் ஆயிரத்து முன்னூறு என்ற அளவில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல், வீடு வீடாக ஆட்களை அனுப்பி, செத்தவரின் குடும்பத்தாரிடம் சாவின் விவரத்தைக் கேட்டு எழுதினார்கள். 2005ம் வருடத்தில் மட்டும் சுமார் 46,000 பேர் என்று தெரிந்தது. முப்பது மடங்குக்கு மேல்! நூற்றுக்கு 97 பேர் கிராமத்தார். நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தவர்கள். இந்த முடிவு 2011ல் வெளியாயிற்று.

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் செத்தவன் ஆஸ்பத்திரிக் கணக்கில் எப்படி ஏறுவான்? கணக்கில் ஏறாதவனுக்காக விஷமுறிவு மருந்து வாங்கி வைப்பது யார்? நூறு பேர் செத்த இடத்தில் மூன்று பேர் என்று கணக்கிருந்தால் மூன்று பேருக்குத்தான் மருந்து வரும். கணக்கு வெறும் எழுத்தல்ல, அது பங்கீடு. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைச் சர்க்காருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். நல்ல காரியம். அறிவிப்பு காகிதத்தோடு நிற்காமல் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அமுலாகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

கடிபட்டவருக்கான பட்டியலும் எளிமையானது. கடித்த நேரம் என்ன, வந்து சேர்ந்த நேரம் என்ன, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது, கண் இமை சரிகிறதா என்று குறிக்க வேண்டும். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆடாமல் இருபது நிமிஷம் வைக்க வேண்டும். உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும் போதும். அவ்விரண்டும் ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இருக்குமா? அந்த நேரத்தில் பார்க்க ஆள் இருப்பாரா? இதைப் போய்ப் பாருங்கள். நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. கடிவாயைக் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மந்திரிப்பவரைத் தேடாமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாய்மார்கள் சாவைக் கேட்டு எழுதியபோது

நல்ல உதாரணம் நம் மாகாணத்திலேயே உண்டு. 1990களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டில் பிரசவத்தில் இறந்த ஒவ்வொரு தாயின் சாவையும் தனித்தனியாக விசாரித்து எழுதும் முறை வளர்ந்தது. "ரத்தப்போக்கு" என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிடுவதல்ல. வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, வழியில் வண்டி கிடைக்கத் தாமதமா, ஆஸ்பத்திரியில் கவனிக்கத் தாமதமா என்று கேட்டு எழுதுவது. இந்திய சர்க்கார் 2010ல் நாடு முழுவதற்கும் வகுத்த வழிமுறையில், இறந்த தாயின் உறவினரை ஜில்லா கலெக்டர் முன் வரவழைத்து நேரில் கேட்கவும் இடமுண்டு. சாதாரணக் கூலிக்காரர் ஒருவர், டாக்டர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் அறையில், நடந்ததைச் சொல்லலாம் என்பது சின்ன விஷயமா?

லட்சம் பிரசவத்துக்கு 2001-03ல் 134 ஆக இருந்த தாய்மார் சாவு, 2018-20ல் 54 ஆக இறங்கியது. இதற்குப் பதிவேடு மட்டுமே காரணமல்ல. இருபத்திநாலு மணி நேரச் சுகாதார நிலையங்கள், ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, கிராமம் கிராமமாக நடந்த நர்சுகளின் உழைப்பு எல்லாம் சேர்ந்த பலன். எந்த இடத்தில் எது குறைகிறது என்று காட்டிக்கொடுத்தது அந்த விசாரணை.

மருந்து விஷயத்திலும் அப்படியே. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி மருந்தை மொத்தமாக வாங்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ் புத்தகம் போல ஒன்று கொடுத்து, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தது என்று குறிக்கும் ஏற்பாடு வந்தது. "மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்ற பதிலைக் கேட்டால், "இருப்பு எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்க இதனால் ஓர் ஆதாரம் ஏற்பட்டது.

பஞ்சுத் தூசியும் முதல் நாள் மூச்சும்

ஆலைத் தோழர்களே, இது உங்களுக்கு. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியை வருஷக்கணக்காகச் சுவாசிக்கிறவர்களுக்கு வரும் நோய் ஒன்று உண்டு. வைத்திய நூல்களில் அதன் பெயர் பிஸ்ஸினோஸிஸ். இங்கிலாந்தில் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயராலும் அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். மறுநாள் சற்றுத் தேவலை போலிருக்கும். வருஷங்கள் போகப் போக மற்ற நாட்களுக்கும் பரவும். கடைசியில் லீவிலும் விடாது. முதலில் தூசியைவிட்டு விலகினால் குணப்படக்கூடியது, முற்றினால் நிரந்தரமாகிவிடும்.

இதை எக்ஸ்ரே படம் தனியாகக் காட்டிக் கொடுக்காது. கேள்வியும் தேதியும்தான் காட்டிக் கொடுக்கும். 1950களில் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ச்சி செய்த ஷில்லிங் என்ற டாக்டர், நெஞ்சு இறுகுகிறதா, வாரத்தின் எந்த நாளில் இறுகுகிறது என்ற எளிய கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதியே நோயின் படிகளை வகுத்தார். நம் ஆலைகளில் வார லீவு ஆளுக்கொரு நாள். ஆகவே திங்கட்கிழமை என்று கேட்டால் பயனில்லை. "உன் லீவு முடிந்த மறுநாள் எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருஷம் என்றும் எழுத வேண்டும்.

நஷ்ட ஈட்டுக்குரிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. ஆனால் நோயாளி பேரேட்டில் "இருமல், சளி" என்று எழுதி மாத்திரை கொடுத்தனுப்பினால் என்ன ஆகும்? நோய் தொழிலாளியின் சொந்த நோயாகிவிடும். நஷ்ட ஈடு கிடையாது, தூசி உறிஞ்சும் யந்திரம் பொருத்தவும் அவசியம் இராது. ஒரு வார்த்தையை எழுதாமல் விடுவதில் முதலாளிக்கு எவ்வளவு லாபம், பாருங்கள்!

பட்டியல் சாட்டையாகக் கூடாது

ஒரு தோழர் நியாயமாகவே கேட்கக்கூடும்: "ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக வந்து நம் வேலையைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டு போனவர்கள்தானே வேலைப் பளுவை ஏற்றினார்கள்? இப்போது நர்சுகளுக்கும் பட்டியலா?"

கேள்வி சரியானது. வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே உள்ளவர் கீழே உள்ளவரைக் கண்காணித்து மெமோ கொடுக்கத் தயாரிக்கும் பட்டியல் ஒன்று. வேலை செய்கிறவர்களே கூடி, உயிருக்கு எது அவசியம் என்று பார்த்துச் சுருக்கமாக எழுதி, மேலே உள்ளவரையும் கட்டுப்படுத்தும் பட்டியல் மற்றொன்று. முதலாவதை எதிர்ப்போம், இரண்டாவதைக் கோருவோம். கிராம சுகாதார நர்ஸ் ஒரே விஷயத்தை நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றி, தாயைப் பார்க்க நேரமில்லாமல் தவிப்பது பதிவேட்டுக்கு வெற்றியல்ல. எழுதுவது குறைவாகவும் உபயோகமாகவும் இருக்க வேண்டும். தப்பை ஒப்புக்கொண்டு எழுதுகிற நர்சை உடனே தண்டித்தால் அடுத்த தப்பு எழுத்தில் வராது, பிணமாகத்தான் வரும். கண்டிராக்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருக்கிற நர்ஸ், பெரிய டாக்டரைப் பார்த்து "நிறுத்துங்கள்" என்று சொல்வாரா? ஆகவே நர்சுகளின் வேலை நிரந்தரம் அவர்களுடைய கோரிக்கை மட்டுமல்ல, நோயாளியின் கோரிக்கையும் ஆகும்.

நாம் செய்ய வேண்டியது

நம் கோரிக்கைகள் இவை: ஆபரேஷன் அறையிலும் பிரசவ அறையிலும் தமிழில் பட்டியல் வேண்டும். அதில் கண்ட பொருள்களின் இருப்பை வெளியே பலகையில் எழுத வேண்டும். தப்பைத் தடுக்கும் நர்சுக்குப் பாதுகாப்பு வேண்டும். காலி ஸ்தானங்களை நிரந்தர ஆட்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஆலைகளில் தூசி அளவையும் மூச்சுப் பரிசோதனை முடிவையும் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கோரிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளையே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு. ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு நோட்டு வைக்கட்டும். பெயர், தேதி, வேலை செய்த இடம், நோய் அல்லது விபத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த நேரம், சிகிச்சை தொடங்கிய நேரம் ஆகிய ஆறு பத்திகள் போதும். பூச்சி மருந்து தெளித்து மயங்கியவர் என்றால் மருந்து டப்பாவையும் கூடவே கொண்டுபோங்கள், பெயரை நோட்டில் எழுதுங்கள். ஓ.பி. சீட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வைக்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரவேண்டும். படுக்கையில் சேர்ந்த நோயாளியின் ரிக்கார்டுகளை டாக்டர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ம் வருட மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லாதீர்கள்.

மாதம் ஒருமுறை அந்த நோட்டைப் பிரித்து வாசியுங்கள். ஒரே டிபார்ட்மெண்டில் நான்கு பேருக்கு லீவு முடிந்த மறுநாள் மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தால், அது நான்கு பேரின் தலைவிதியல்ல, அந்த டிபார்ட்மெண்டின் தூசி. ஒரே கிராமத்தில் இரண்டு பேர் வண்டி கிடைக்காமல் பாம்பு கடித்துச் செத்தார்கள் என்று தெரிந்தால், அது பாம்பின் குற்றம் மட்டுமல்ல. "மருந்தில்லை" என்று பொதுவாகக் கூச்சலிட்டால் அதிகாரி சிரித்து அனுப்பிவிடுவார். "இந்தத் தேதி, இந்த மணிக்கு, இந்த மருந்து இல்லை, இந்தத் தோழர் இறந்தார்" என்று நோட்டைப் பிரித்து வைத்தால் அவர் பதில் சொல்லித் தீர வேண்டும்.

வியன்னாவின் ஏழைப் பெண்கள் உண்மையை முதலிலேயே சொன்னார்கள். அவர்கள் சொன்னது பதிவேட்டில் எண்ணாக மாறியபோதுதான் ஒருவர் காதிலாவது விழுந்தது. அவர்களுக்குச் சங்கம் இல்லை, நமக்கு இருக்கிறது. நோட்டைத் திறந்து முதல் வரியை எழுதுவோம், தோழர்களே!